மனம் வற்றிப்போன பிறகும் அன்புகூர முடியுமா? கீர்க்கேகார்டின் ‘அன்பின் கிரியைகள்’ வாசித்து எழுந்த கேள்வி

நெல்லை மருமகள்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வெகுநாளாக இங்கே வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

என் மாமியாருக்கு 81 வயது. மறதி நோய் தொடங்கி இது நான்காவது வருடம். காலையில் என்னைப் பார்த்து “நீ யாரும்மா?” என்பார்கள். மத்தியானம், எப்போதோ இறந்துபோன தன் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். விளக்கு வைக்கும் நேரமானால் வேறு முகம் வந்துவிடும். “என் சங்கிலியத் திருடினவ இவதான்” என்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போடுவார்கள். சங்கிலி பீரோவில்தான் இருக்கிறது. எடுத்துக் காட்டினால் “இது என்னுது இல்ல” என்பார்கள். குளிப்பாட்டும்போது ஒரு நாள் கையைக் கடித்துவிட்டார்கள்.

சபையில் எல்லாரும் என்னை ரூத் என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது. வேதாகமத்து ரூத்துக்குத் தன் மாமியார் நகோமி மேல் பாசம் இருந்தது. எனக்கு இப்போது இல்லை. முன்பு இருந்தது. கல்யாணமான புதிதில் எனக்கு டைபாய்டு வந்தபோது அத்தை 21 நாள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே படுத்தார்கள். அதை வேண்டுமென்றே நினைத்துப் பார்க்கிறேன். நினைவு வருகிறது, மனம் அசைய மறுக்கிறது. சோறு ஊட்டுகிறேன், துணி மாற்றுகிறேன், ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கிறேன். எல்லாம் கடமைக்கு.

லெந்து காலத்தில் ஒரு தோழி, டென்மார்க் தத்துவஞானி சோரன் கீர்க்கேகார்ட் எழுதிய ‘அன்பின் கிரியைகள்’ புத்தகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொடுத்தாள். பாதிதான் புரிந்தது. ஆனால் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். “பிறனிடத்தில் அன்புகூருவாயாக” என்ற வசனத்தில் அந்த “கூருவாயாக” என்ற கட்டளையை மட்டும் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதுகிறார். அன்பு கடமையாகும்போதுதான் அது பத்திரமாகிறது என்கிறார். நான் தலைகீழாக அல்லவா நினைத்திருந்தேன்? கடமை மிஞ்சினால் அன்பு செத்துவிட்டது என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன். இதை நன்றாகப் படித்தவர்கள் யாராவது விளக்குவீர்களா?

பழைய வாத்தியார்:

மகளே, கல்லூரியில் பல வருடம் தத்துவம் நடத்தியவன் நான். இந்தப் புத்தகம் வகுப்பில் எடுபடாது. வீட்டில்தான் எடுபடும் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1813இல் கோபன்ஹேகனில் பிறந்தவர். 1855இல் 42 வயதில் அங்கேயே இறந்தார். புகழ்பெற்ற புத்தகங்கள் பலவற்றைப் புனைபெயர்களில் எழுதினார். ஆனால் 1847 செப்டம்பரில் வந்த இந்தப் புத்தகத்தில் சொந்தப் பெயரைப் போட்டார். அதாவது, இதில் சொல்வதற்கு நான் பொறுப்பு என்று நின்றார்.

அவர் கேட்பது எளிய கேள்விதான். தானாக ஊறும் பாசம் அழகானது, சந்தேகமே இல்லை. ஆனால் அது மாறக்கூடியது. வெறுப்பாக மாறலாம், பொறாமையாக மாறலாம். எல்லாவற்றையும்விட மோசம், பழக்கமாக மாறலாம். பழக்கத்தை அவர் மிகத் தந்திரமான எதிரி என்கிறார். மற்ற எதிரிகள் எதிரே வருவார்கள். இது நம் கூடவே இருந்துகொண்டு, நாம் இன்னும் அன்பாகத்தான் இருக்கிறோம் என்று நம்மை நம்பவைத்தபடியே உள்ளே இருப்பதை எல்லாம் தின்றுவிடும்.

காதலர்கள் ஒருவருக்கொருவர் சத்தியம் செய்கிறார்கள் அல்லவா? எதன்மேல்? தங்கள் காதலின்மேலேயே. தண்ணீரின்மேல் நங்கூரம் போட்ட மாதிரி. கட்டளை என்பது அடியில் இருக்கும் பாறை. மனதின் ஏற்ற இறக்கத்துக்கு அப்பால் இருக்கும் ஒருவர் “அன்புகூருவாயாக” என்று சொல்லியிருப்பதால், மனம் வற்றிய நாளிலும் அந்த அன்புக்கு நிற்க இடம் இருக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். நம்பிக்கையெல்லாம் இழந்து உட்கார்ந்திருக்கிறவனுக்கு, பிரியமானவர்களே இல்லாமல் போனவனுக்கு, இந்தக் கட்டளை பாரம் அல்ல, ஆறுதல் என்கிறார். “எனக்குள் அன்பு தீர்ந்துவிட்டது” என்று முடிவுகட்ட உனக்கு அனுமதி இல்லை என்பதுதான் அதன் பொருள். நீங்கள் எழுதிய தீர்ப்பைத்தான் அவர் கிழித்துப் போடுகிறார்.

சமையற்கட்டு:

ஐயா எழுதியது அழகாக இருக்கிறது. அதனால்தான் எனக்குப் பயமாகவும் இருக்கிறது.

என் அம்மா என் அப்பாவைப் பெற்ற பாட்டியைப் பதினோரு வருடம் பார்த்தார். அந்தப் பதினோரு வருடமும் “இது உன் கிறிஸ்தவக் கடமை” என்று அம்மாவிடம் சொன்னவர்களில் ஒருவர்கூட ஒரு படுக்கைவிரிப்பைத் துவைத்ததில்லை. பாட்டிக்கு நான்கு பிள்ளைகள். கடமை மட்டும் மருமகளுக்கு. பாட்டியை அடக்கம் செய்த மறு வருடம் அம்மாவுக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை. அம்மாவைப் பார்க்க அந்தக் கடமையைச் சொன்ன யாரும் வரவில்லை.

இந்த மனிதர் அப்பா விட்டுப்போன சொத்தில் வாழ்ந்தவர் என்று படித்திருக்கிறேன். வீட்டில் வேலையாட்கள் இருந்திருக்கிறார்கள். நிச்சயம் செய்த பெண்ணையே கல்யாணம் செய்ய முடியாமல் விலகியவர். அவர் யாருடைய மலச்சட்டியை எடுத்தார்? கடமையான அன்பு உயர்ந்தது என்று அவர் எழுதலாம். அதைச் சுமக்கிறவள் யார் என்பதையும் சேர்த்துத்தானே பேச வேண்டும்?

நெல்லை மருமகள் அக்கா, உங்கள் வீட்டுக்காரர் எங்கே? அவருக்கு உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர்?

பழைய வாத்தியார்:

நீங்கள் சொல்வதில் பெரும்பகுதியை மறுக்க மாட்டேன் அம்மா. ரெகினே ஒல்சனோடு 1840இல் நிச்சயம் செய்து, அடுத்த வருடமே முறித்தார். அந்தப் பெண் நொந்துபோனாள். ‘அன்பின் கிரியைகள்’ வெளிவந்த சில வாரங்களிலேயே அவளுக்கு வேறொருவரோடு திருமணம் நடந்தது. குடும்பம் என்ற ஒன்றை உள்ளிருந்து அறியாதவர்தான்.

ஆனால் அம்மாவிடம் “இது உன் கடமை” என்று சொன்னவர்களுக்கு இந்தப் புத்தகத்தில் இடம் கிடையாது. அந்த வசனத்தை மூன்றாக உடைத்து மூன்று பகுதியாக எழுதுகிறார். “அன்புகூருவாயாக” ஒன்று. “பிறனிடத்தில்” ஒன்று. மூன்றாவது, “நீ”. கட்டளை “நீ” என்கிறது. “அவள்” என்று சொல்லவில்லை. அடுத்தவர் மேல் சுமத்துவதற்காக அந்த வசனத்தை எடுக்கிறவர், எடுத்த அந்தக் கணத்திலேயே தனக்குச் சொல்லப்பட்டதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார். நான்கு பிள்ளைகள் இருந்தால் அந்த “நீ” நான்கு பேருக்கும் தனித்தனியாகச் சொல்லப்பட்டது.

அடுத்த வீடு:

நான் கத்தோலிக்கன். ஒரு சொல் விஷயம் சொல்ல வேண்டும் என்று கை துடிக்கிறது.

உங்கள் வேதாகமத்தில் “பிறன்”. எங்கள் திருவிவிலியத்தில் “அடுத்திருப்பவர்”. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம், பாருங்கள். பிறன் என்றால் நான் அல்லாத வேறொருவர். அடுத்திருப்பவர் என்றால் என் பக்கத்தில் இருப்பவர். டேனிஷ் மொழியில் கீர்க்கேகார்ட் எழுதிய சொல்லுக்கு “அடுத்தவர், மிக அருகில் இருப்பவர்” என்பதுதான் நேரடிப் பொருள். அந்தச் சொல்லை வைத்து அவர் ஒரு காட்சி சொல்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஜெபம் செய்கிறாய். முடித்துவிட்டுக் கதவைத் திறக்கிறாய். வெளியே முதலில் எதிர்ப்படுகிற ஆள்தான் நீ அன்புகூர வேண்டிய அடுத்தவர். தேடவே வேண்டாம், தேர்ந்தெடுக்கவும் முடியாது.

ஆனால் “பிறன்” என்ற சொல்லும் எனக்குப் பிடிக்கும். மனைவியும் நண்பனும்கூட முதலில் உனக்குப் பிறன்தான் என்கிறார் அவர். நமக்குப் பிடித்தவர்கள் நம்முடைய நீட்சி ஆகிவிடுகிறார்கள். என் மனைவி, என் பிள்ளை என்று சொல்லும்போது அங்கே பெரும்பாலும் “என்” தான் இருக்கிறது. அவர்களும் என்னைப் போலவே ஆண்டவர் முன் தனியாக நிற்கும் ஒரு மனிதர் என்று பார்த்தால்தான் தன்னலம் கழிந்த அன்பு தொடங்கும். பாசத்தை விடு என்று அவர் சொல்லவில்லை. பாசத்துக்கு அடியில் இதை வை என்கிறார்.

லூக்கா பத்தாம் அதிகாரத்தில் அந்த நியாயசாஸ்திரி “எனக்குப் பிறன் யார்” என்று கேட்கிறான். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய சமாரியன் கதையைச் சொல்லி முடித்த இயேசு, அடிபட்டவனுக்கு யார் பிறனாய் இருந்தான் என்று கேள்வியைத் திருப்பிவிடுகிறார். யாரை நேசிக்கலாம் என்று பட்டியல் போடுவது அங்கேயே முடிந்துபோயிற்று.

நெல்லை மருமகள்:

சமையற்கட்டு தங்கச்சி கேட்டது இரண்டு நாளாக மனதில் கிடக்கிறது. என் வீட்டுக்காரர் வேலை விட்டு வர எட்டு மணி ஆகும். வந்ததும் “அம்மா எப்படி இருக்கா?” என்று என்னிடம் கேட்பார், அத்தை அறைக்குப் போகமாட்டார். அம்மா தன்னை அடையாளம் தெரியாமல் பார்ப்பதைத் தாங்க முடியவில்லை என்பார். எனக்கு ஒரு கொழுந்தன், ஒரு நாத்தனார். பணம் அனுப்புகிறார்கள். சரி, அதையும் குறையாகச் சொல்ல மாட்டேன்.

வாத்தியார் ஐயா சொன்ன பிறகு பின்பாதியையும் வாசித்தேன். இரக்கத்தைப் பற்றி ஓர் அதிகாரம் வருகிறது. கொடுக்க ஒன்றுமில்லாதவனும், செய்ய ஒன்றும் இயலாதவனும்கூட இரக்கமுள்ளவனாய் இருக்கலாம் என்று. நல்ல சமாரியன் கதையையே மாற்றிச் சொல்கிறார். அவனிடம் கழுதை இல்லை, எண்ணெய் இல்லை, பணம் இல்லை என்று வைத்துக்கொள். அடிபட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சத்திரம் வரை நடக்கிறான். பணம் இல்லாததால் சத்திரக்காரன் சேர்க்கவில்லை. திரும்பப் போய் மெத்தென்று ஓர் இடம் பார்த்துப் படுக்கவைத்து, ரத்தத்தை நிறுத்தப் பார்க்கிறான். அந்த மனிதன் அவன் கையிலேயே செத்துப்போகிறான். இந்தச் சமாரியனின் இரக்கம் குறைந்ததா?

அதை வாசித்துவிட்டு அழுதேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. நான் செய்கிற எதுவும் அத்தையைச் சரியாக்கப்போவதில்லை. மருத்துவரும் சொல்லிவிட்டார். இத்தனை நாளும் அந்தத் தோல்வியையும் என் அன்புக் குறைச்சலின் கணக்கில்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, ஒருவரிடத்திலொருவர் அன்புகூருகிற கடனைத் தவிர வேறெதிலும் கடன்படாதிருங்கள் என்று ரோமருக்கு எழுதின நிருபத்தில் இருக்கிறது அல்லவா? அதற்கும் ஓர் அதிகாரம். அன்பு கொடுக்கக் கொடுக்கக் கொடுத்தவரே கடனாளி ஆகிறார் என்கிறார். கணக்குப் பார்த்தால் அன்பு மூச்சடைத்துப்போகும், மீனுக்குத் தண்ணீர் போல அன்புக்கு இந்தக் கடன் வேண்டும் என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். அவர் இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு பாடுபடுகிறார். நமக்கு ஒரே சொல். வாங்கினதும் கடன், செய்ய வேண்டியதும் கடன். என் அப்பா “எங்கடன முடிச்சேன்” என்று என் கல்யாணத்தன்று சொன்னார். அதில் வட்டிக்கு வாங்கினதும் இருந்தது, பெற்ற பாசமும் இருந்தது. கடமைக்குச் செய்கிறேன் என்று நான் எழுதினேனே, கடனுக்குச் செய்கிறேன் என்று எழுதியிருந்தால் அந்த 21 நாளும் அதற்குள் வந்திருக்கும்.

செங்கல்:

இறையியல் படிக்கிற மாணவன். எல்லாரும் நெகிழ்ந்துபோய் இருக்கும்போது குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்தப் புத்தகத்தில் எனக்குத் தொண்டையில் சிக்குகிற ஓர் இடம் உண்டு. உலகத்திலுள்ள ஏற்றத்தாழ்வுகளை அவர் நாடக உடைகள் என்கிறார். ராஜா வேஷம், பிச்சைக்காரன் வேஷம். திரை விழுந்ததும் எல்லாரும் நடிகர்கள்தான். ஆகவே உடையைத் தளர்வாக அணிந்துகொள், உள்ளே இருக்கும் சமத்துவம் தெரியட்டும் என்கிறார். உடையைக் கழற்றிப் போடு என்று சொல்வதில்லை. கூலிக்கு வீட்டுவேலை செய்யும் ஏழைப் பெண், “கூலிக்குச் செய்கிறேன், ஆனால் இவ்வளவு கவனமாகச் செய்வது மனச்சாட்சிக்காக” என்று தனக்குள் சொல்லிக்கொள்வதைப் புகழ்கிறார். அதை உலகம் கேட்க வேண்டும் என்று அவள் ஆசைப்படக் கூடாதாம்.

என் தாத்தா, சாதி பார்த்து நடுவே சுவர் வைத்த கல்லறைத் தோட்டத்தில் சுவருக்கு இந்தப் பக்கம் கிடக்கிறார். அவர் போட்டிருந்தது வேஷமா? அதைத் தளர்த்திக்கொள்ள அவர் கையில் முடிச்சு இருந்ததா? 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனடியாக, ஒரேயடியாக விட வேண்டும் என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரிலும் சென்னையிலும் கோபித்துக்கொண்டு சபையை விட்டுப்போனவர்கள் உண்டு. அவர்களும் பிறனை நேசிப்பதாகத்தான் நம்பியிருப்பார்கள், உள்ளத்தில்.

ஜெர்மன் தத்துவஞானி அடோர்னோ இந்தக் குறையைத்தான் சொன்னார். கீர்க்கேகார்டின் பிறன் முகம் இல்லாத பொதுவான ஆள் ஆகிவிடுகிறான், அவன் எந்த நிலைமையில் கிடக்கிறான் என்பது கணக்கில் வருவதில்லை என்று. கீர்க்கேகார்டின் நாட்டு இறையியலாளர் லோக்ஸ்ட்ரூப்பும் 1956இல் எழுதிய தன் நூலில் அவரோடு கடுமையாக மோதினார். அன்பு உள்ளே மட்டும் நடந்தால் சுவர் அப்படியே இருக்கும்.

பழைய வாத்தியார்:

தம்பி, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அந்தப் பக்கங்களை நான் எப்போதும் வேகமாகத் தாண்டிவிடுவேன் என்பதை நீங்கள் எழுதிய பிறகுதான் கவனித்தேன். தாண்ட முடிந்தது நான் பிறந்த இடத்தால் என்பதும் தெரிகிறது.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அவருடைய நாட்டுக்கும் நம் ஊருக்கும் ஒரு கணக்கு உண்டு. மிஷனரி சீகன்பால்கை 1706இல் தரங்கம்பாடிக்கு அனுப்பியது டென்மார்க் ராஜா. அந்தத் தரங்கம்பாடியை டேனியர்கள் ஆங்கிலேயரிடம் விற்றது 1845இல், இந்தப் புத்தகம் வருவதற்கு இரண்டு வருடம் முன்பு. ராஜாவும் சபையும் ஒன்றாக இருந்த அந்த ஏற்பாட்டைக் கடைசிக் காலத்தில் அவரே தாக்கினார். 1854இல் பேராயர் மின்ஸ்டர் இறந்தபோது அவரைச் சத்தியத்தின் சாட்சி என்று பிரசங்கத்தில் புகழ்ந்தார்கள். இவர் கொதித்துப்போய் எழுதத் தொடங்கினார். சம்பளமும் மரியாதையும் வாங்கிக்கொண்டு வாழ்ந்தவரை இரத்தசாட்சிகளோடு எப்படிச் சேர்க்கலாம் என்று. மரணப் படுக்கையில் அரசுச் சம்பளம் வாங்கும் குருவின் கையால் இராப்போஜனம் வாங்க மறுத்தார். அவ்வளவு தூரம் போனவர், சுவர்களைப் பற்றியும் அதே கோபத்தோடு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நாம்தான் எழுத வேண்டும்.

இரவுப் பணி:

செவிலியர். முதியோர் வார்டு. இடைவேளையில் எழுதுகிறேன், சுருக்கமாக.

அக்கா, இறந்தவர்களை நினைவுகூருவது பற்றி அந்தப் புத்தகத்தில் இருப்பதைப் பலர் உங்களைப் போன்றவர்களுக்குச் சொல்வார்கள். இறந்தவர் திருப்பித் தரமாட்டார், வற்புறுத்தமாட்டார், ஆகவே அவர்மேல் வைக்கும் அன்புதான் மிகவும் தன்னலமற்றது என்பது அவர் வாதம். அருமையான பகுதிதான். செங்கல் தம்பி சொன்ன அடோர்னோவே அதைப் பாராட்டினார். ஆனால் அதை உங்கள் அத்தைக்குப் பொருத்திவிடாதீர்கள். “பழைய அம்மா எப்பவோ போயிட்டா” என்று பேசும் குடும்பங்களைத் தினமும் பார்க்கிறேன். அப்படிச் சொல்லத் தொடங்கியதும் தொடுவது நின்றுவிடும்.

அதற்குப் பதில் “நாம் காணும் மனிதரை நேசிப்பது” என்ற அதிகாரத்தைப் படியுங்கள். மனதில் வைத்திருக்கும் படத்தை நேசிக்காதே, கண்முன் இருக்கிற ஆளை நேசி என்கிறார். சீஷனான பேதுரு தன்னைத் தெரியாது என்று மறுதலித்தபோது இயேசு, முதலில் நீ மாறு, அப்புறம் நேசிக்கிறேன் என்று சொல்லவில்லை. பேதுரு பேதுருதான், அவனை நேசிக்கிறேன் என்று நின்றார். டைபாய்டு காலத்து அத்தையைத் தேடுவதை நிறுத்துங்கள் அக்கா. சங்கிலியைத் தேடுகிற இந்த அத்தைதான் இருக்கிறார்கள். சாயங்காலம் அப்படி ஆவது இந்த நோயில் சகஜம். விளக்கைக் கொஞ்சம் முன்னதாகவே போட்டுப் பாருங்கள். சங்கிலியைக் காட்டி வாதாடாதீர்கள், கூடச் சேர்ந்து தேடுங்கள்.

சமையற்கட்டு:

இரவுப் பணி அக்கா சொன்னது எனக்கே தேவைப்பட்டது. என் அம்மாவுக்கும் வயதாகிறது.

நானும் அந்தப் புத்தகத்தைத் திறந்துவிட்டேன். சண்டை போடத்தான் திறந்தேன். “அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்” என்று நம் வேதாகமத்தில் இருக்கிற வசனத்தில் மூலத்தில் இருப்பது கட்டியெழுப்புதல் என்ற சொல்லாம், வீடு கட்டுவது போல. பக்திவிருத்தி என்று படித்துப் படித்து அதில் செங்கலும் அஸ்திவாரமும் இருப்பதே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. மற்றவரின் உள்ளத்தில் அன்பு ஏற்கெனவே அடியில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அதன்மேல் கட்டுவதுதான் அன்பின் வேலை என்கிறார். அது இல்லை என்று தோன்றும் இடத்திலும்.

இது அத்தைக்கு மட்டுமில்லை, உங்கள் வீட்டுக்காரருக்கும் பொருந்தும் அக்கா. அந்த அறைக்குள் போகாத மனுஷனுக்குள்ளும் அது இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, ஒரு வேலையைக் கையில் கொடுங்கள். கேளுங்கள். கேட்காமல் சுமப்பதும் ஒருவிதத்தில் அவரைக் கைவிடுவதுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. என் அம்மா கடைசிவரை யாரிடமும் கேட்கவில்லை.

நெல்லை மருமகள்:

பத்து நாள் கழித்து வருகிறேன்.

கேட்டேன். ஒரு வாரம் பேச்சில்லை. போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து அவராகவே அத்தைக்கு நகம் வெட்டினார். அத்தை அவரை யாரென்று கேட்டார்கள். “உங்க மூத்த மகன்” என்றார். “அவன் சின்னப் பையன்லா” என்றார்கள். அவர் எழுந்து போகவில்லை, மற்றக் கையையும் வெட்டினார். கொழுந்தனிடம் அவரே பேசியிருக்கிறார். மாதம் ஒரு வாரம் வந்து இருப்பதாகச் சொல்லியிருக்கிறான். வரும் சனிக்கிழமை முதல் தடவை.

செங்கல் தம்பி, உங்கள் பதிவை என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சுவர் இல்லை, ஆனால் யாரை எந்த ஓரத்தில் வைப்பது என்று எல்லாருக்கும் தெரியும். அவர் சபைக் கமிட்டியில் இருக்கிறார். அடுத்த கூட்டத்தில் கேட்கிறேன் என்றார். என்ன நடக்கிறது என்று எழுதுகிறேன்.

எனக்குப் பாசம் திரும்ப வந்துவிட்டதா என்றால், இல்லை. சில நாள் வருகிறது, பல நாள் வரவில்லை. நேற்றுச் சாயங்காலம் அறையைச் சாத்திக்கொண்டு ஜெபம் செய்துவிட்டுக் கதவைத் திறந்தேன். அத்தை வாசலிலேயே நின்றிருந்தார்கள். சங்கிலியைக் காணோம் என்றார்கள். இரண்டு பேருமாகக் கட்டிலுக்கு அடியில், அரிசிப் பானையில், மாடத்தில் எல்லாம் தேடினோம். கடைசியில் பீரோவைத் திறந்து எடுத்தேன். வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது என்னுது இல்ல” என்றார்கள்.

“சரி அத்தை, நாளைக்கும் தேடுவோம்” என்றேன்.